பூசுவதற்கு முன் சொல்லிவிடு

அன்பு மகள் சித்ராவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. மற்ற ஊர்ச் செய்திகளை அவள் போனில் சொல்லியிருப்பாள். நீ காதில் வாங்கினாயா என்பது வேறு விஷயம்.

மாடி அறையில் பழைய பூச்சு முழுவதையும் கொத்தி இறக்கியாகிவிட்டது. நாலு பக்கமும் செங்கல் தெரிகிறது. உத்தரம் மூன்றும் நன்றாக இருக்கின்றன, கறையான் இல்லை. தாத்தா காலத்து மரச்சட்ட ஒயரிங்கைக் கழற்றினோம். ஒயரின் மேலிருந்த ரப்பர் கை பட்டதுமே உதிர்ந்தது. இத்தனை நாள் எதுவும் நடக்காமல் இருந்ததே பெரிது. பணம் போதுமானது இருக்கிறது, மேற்கொண்டு அனுப்பாதே. உன் கையில் இருக்கட்டும். உன் பெயரில் இருக்கட்டும்.

வேலை இப்போது நிற்கிறது. உன் பதிலுக்காகத்தான்.

கொத்தனாருக்கு அவசரம். “முதலில் பூசிவிடுகிறேன் ஐயா, எலக்ட்ரீஷியன் பிறகு கட்டர் வைத்து வெட்டிக்கொள்ளட்டும்” என்கிறார். மின்வாரியத்தில் காலம் தள்ளியவன் வீட்டில் வந்து இப்படிச் சொல்கிறார் பார். மன்னார்குடிச் சித்தி வீட்டுக் கூடத்தை நீயும் பார்த்திருக்கிறாய். புதுப் பூச்சை வெட்டிப் பைப் பதித்து, மேலே கலவையை அப்பினார்கள். பைப் போன வழியெல்லாம் விரிசல். நம் வீட்டில் அப்படி நடக்காது. முதலில் சுவரில் குறி. அப்புறம் வெட்டு, ஒயர் போகும் பைப், ஸ்விட்ச் பெட்டி. வெட்டிய தடத்தின் மேல் கோழி வலை அடித்து, அதன்பிறகுதான் பூச்சு. ஒரு வாரமாவது ஈரம் காத்து, நன்றாகக் காய விட்டு, பிறகு ஒயர். முன்கூட்டியே ஒயரை இழுத்து வைத்தால் கொத்தனாரின் கரண்டி முனை பட்டே பாதி வீணாகும். பட்டியும் முதல் கோட் பெயிண்டும் முடிந்த பிறகுதான் ஸ்விட்ச்.

சிமெண்டா சுண்ணாம்பா என்ற சண்டை தனி. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரில் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூக்கும் என்பது என் கட்சி. நான்தான் வென்றேன். மயிலாடுதுறையிலிருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டி வந்திருக்கிறேன். ஆனால் சுண்ணாம்பு நிதானமாகத்தான் காயும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கதை கந்தல். அதனால்தான் சொல்கிறேன், சீக்கிரம் எழுது.

நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். ஜன்னல், கதவு, அலமாரி எல்லாம் அங்குலம் பிசகாமல் போட்டிருக்கிறாய். தபால்காரர் மகன்தான் இப்போது எலக்ட்ரீஷியன். அவனிடம் காட்டி, “என் மகள் போட்டது, பாவாடை கட்டிய வயதிலேயே ஸ்டூலில் ஏறி ஃபியூஸ் கட்டியவள்” என்று சொன்னேன். அம்மா சிரித்தாள். எல்லாவற்றையும் போட்டாய், கட்டிலை மட்டும் போடவில்லை.

அவன் நேற்று சாக்பீஸும் அளவு நாடாவுமாக நின்றான். கதவுப் பக்கம் 4 அடி உயரத்தில் ஸ்விட்ச் போர்டுக்குக் கட்டம் போட்டான். ஃபேன் பைப் உத்தரத்தின் ஓரமாக வெளியே போகட்டும் என்றேன், தளத்தைத் தொட விடவில்லை. குளியலறைப் பக்கம் இருப்பது 4½ அங்குலச் சுவர். அதில் குறுக்கே வெட்டக் கூடாது, இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் பெட்டி வைக்கக் கூடாது. அவனுக்கே தெரிந்திருக்கிறது. பெட்டி விளிம்பு செங்கல்லை விட்டு அரை அங்குலம் வெளியே நிற்க வேண்டும், பூச்சு வந்ததும் சமமாகிவிடும். அதற்கு ஒரு மரத்துண்டை அளவாகச் சீவி பையிலேயே வைத்திருக்கிறான். கலவை உள்ளே புகாமலிருக்கப் பெட்டிக்குள் அடைக்க சிமெண்ட் பைக் காகிதமும் கொண்டு வந்திருந்தான். கெட்டிக்காரன்.

தலைமாட்டுச் சுவருக்கு வந்ததும், “கட்டிலுக்கு ஒரு பக்கம் பாயிண்ட் போதுமா, இரண்டு பக்கமும் வேண்டுமா?” என்று கேட்டான். நான் சாக்பீஸை வாங்கி வைத்துக்கொண்டு, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன்.

இதைத்தான் நீ சொல்ல வேண்டும். மாப்பிள்ளையோடு பேசி நாளாகிறது. எப்போது கேட்டாலும் வேலை என்கிறாய். அவருக்கு ஏசி இல்லாமல் தூக்கம் வராது. ஏசி என்றால் மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், மின்சாரம் மிஞ்சினால் தானே அணையும் எம்.சி.பி. ஸ்விட்ச் தனியாக ஒன்று, தண்ணீர் வடிய ஒரு பைப். ஒயருக்கான பைப்பும் தண்ணீர்ப் பைப்பும் பூச்சுக்குள் போக வேண்டியவை. வேண்டாமென்றால் வேண்டாம் என்று எழுது. ஏன் என்று நான் கேட்க மாட்டேன். அம்மா கேட்பாள்.

பேரனுக்கு மேசை வேண்டுமா? லீவுக்கு வந்து போகிறவனுக்கு ஊஞ்சல் போதும். இங்கிருந்து பள்ளிக்கூடம் போகப்போகிறவன் என்றால் ஜன்னலோரம் மேசையும் விளக்கும் வேண்டும். அவன் இடக்கைக்காரன், விளக்கு வலப்பக்கம் இருந்தால்தான் எழுதும்போது கை நிழல் விழாது. முன்னாலேயே தெரிந்தால் பெட்டியைச் சரியான இடத்தில் வைக்கலாம். கட்டில் எங்கே, மேசை எங்கே, யாருக்கு என்ன. இதை எழுத உனக்கு ஒரு நிமிடம் ஆகுமா?

கொத்தனாரைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் உன் பதில் வராவிட்டால் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் பெட்டி வைத்துவிடுவேன். மேசைக்கும் வைப்பேன், ஏசி பைப்பும் போடுவேன். தேவைப்படாத பெட்டிக்கு மூடித் தகடு கடையில் கிடைக்கிறது, செலவு ஒன்றுமில்லை. ஆனாலும் நீ எழுது. போனில் வேண்டாம். போனில் “சரிப்பா” தவிர உன்னிடமிருந்து வேறு வார்த்தை வருவதில்லை. பெயிண்ட் நிறத்தைப் பற்றி இப்போது யோசிக்காதே, அதற்கு நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
அப்பா

பி.கு. பூசுவதற்கு முன் நாலு சுவரையும் அளவு நாடாவோடு படம் எடுத்து அனுப்புகிறேன். பத்திரமாக வைத்துக்கொள். பிறகு நீ ஆணி அடிக்கும்போது எங்கே பைப் போகிறது என்று தெரிய வேண்டும்.