பொட்காஸ்ட் பட்டியல் கேட்பவர் கையில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வயலில் வேலை செய்துகொண்டோ ஏ9 வீதியில் பேருந்தில் போய்க்கொண்டோ பொட்காஸ்ட் எனப்படும் இணைய ஒலி நிகழ்ச்சிகளைக் கேட்பவர்கள் இன்று வன்னியில் பலர் இருக்கிறார்கள். யூடியூபும் ஸ்பொடிஃபையும்தான் அவர்களில் பலருக்குத் தெரிந்த வழி. அதை விட்டு அன்டெனாபொட் என்ற திறந்த மூலச் செயலிக்கு (அதாவது, எழுதிய நிரலை யாரும் பார்க்கக்கூடிய செயலிக்கு) வாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். மாறும்போது எங்கெங்கே சிக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

மாறச் சொல்வதற்கு முதற் காரணம் பட்டியல். கூகிள் பொட்காஸ்ட்ஸ் செயலி 2024இல் மூடப்பட்டது. யூடியூப் மியூசிக்குக்குப் போங்கள், அல்லது உங்கள் நிகழ்ச்சிப் பட்டியலைக் கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சில மாத அவகாசம் தந்தார்கள். அந்த அறிவித்தலைக் கவனியாதவர்கள், பல ஆண்டுகளாகச் சேர்த்த பட்டியலை இழந்தார்கள். ஸ்பொடிஃபையில் அப்படியொரு கோப்பை எடுக்கும் வழியே இல்லை. அங்கிருந்து வெளியேற வேண்டுமானால் நிகழ்ச்சிகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து மறுபடி தேட வேண்டியதுதான்.

உண்மையில் பொட்காஸ்ட் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமானதல்ல. நிகழ்ச்சி நடத்துபவர் ஆர்எஸ்எஸ் என்ற சிறிய கோப்பொன்றை இணையத்தில் வைக்கிறார். ஒவ்வோர் ஒலிப்பதிவின் தலைப்பும் திகதியும், ஒலிக்கோப்பு இருக்கும் முகவரியும் அதில் இருக்கும். அதை எந்தச் செயலியும் வாசிக்கலாம். பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30உடன் நிறுத்தப்படும் வரை சிற்றலையில் எல்லாப் பெட்டிக்கும் பொதுவாக வந்ததைப் போன்றதுதான் இதுவும். பற்றரி கிடைக்காத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீங்கள் தொடரும் நிகழ்ச்சிகளின் ஆர்எஸ்எஸ் முகவரிகளை ஒன்றாகக் கட்டிய கோப்புக்கு ஓபிஎம்எல் என்று பெயர். சில கிலோபைட்தான் வரும். ஒரு செயலியைத் தெரிவு செய்யுமுன் அது ஓபிஎம்எல் கோப்பை உள்ளேயும் எடுக்குமா, வெளியேயும் கொடுக்குமா என்று பாருங்கள். கொடுக்காவிட்டால், மற்ற வசதிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிடுவதே நல்லது.

பொக்கெட் காஸ்ட்ஸ் செயலியின் மூலநிரலும் 2022இல் திறந்துவிடப்பட்டது. பட்டியலை வெளியே எடுக்கவும் அது விடுகிறது. ஆனால் நிகழ்ச்சி விபரங்களை அது தன் நிறுவனத்தின் சேவையகம் வழியாகவே பெறுகிறது. அந்தச் சேவையகம் நின்றால் செயலியும் முடங்கும். அன்டெனாபொட் ஒவ்வொரு நிகழ்ச்சியின் முகவரிக்கும் நேரடியாகப் போகிறது. இடையில் யாரும் இல்லை, கணக்குத் திறக்க வேண்டியதில்லை, விளம்பரமும் இல்லை. எங்கள் தெரிவு அதுதான். ஐபோனுக்கு அது கிடையாது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு பொக்கெட் காஸ்ட்ஸ் அடுத்த நல்ல வழி.

அன்டெனாபொட் பிளே ஸ்டோரிலும் உண்டு, எஃப்-ட்ரொயிட் என்ற திறந்த மூலச் செயலிக் களஞ்சியத்திலும் உண்டு. முதன்முறை போடுபவர் பிளே ஸ்டோரிலேயே எடுக்கலாம், குறைவொன்றும் இல்லை. எஃப்-ட்ரொயிட்டைப் போடுவதானால் அதன் சொந்த இணையத்தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஏபிகே என்ற செயலி நிறுவும் கோப்பைத் தொட வேண்டாம். ஓரிடத்தில் எடுத்த செயலியின் மேல் மற்ற இடத்தில் எடுத்ததைப் பதிய முனைந்தால், வெளியிட்டவரின் மின்கையொப்பம் பொருந்தாமல் கைபேசி மறுக்கலாம். அப்போது பழையதை அழிக்க நேரிடும், அதோடு எல்லாம் போய்விடும். ஆகவே முதலிலேயே ஓரிடத்தைத் தெரிவு செய்து அங்கேயே இருங்கள்.

திறந்ததும் 'அட் பொட்காஸ்ட்' பக்கத்தில் நிகழ்ச்சியைத் தேடலாம். தமிழ் நிகழ்ச்சிகளைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தேடிப் பாருங்கள். பதிவு செய்தவர் எந்த எழுத்தில் பெயர் கொடுத்தாரோ அதில்தான் அகப்படும். அவுஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ் போன்றவை எளிதில் கிடைக்கும். தேடலில் அகப்படாததற்கு ஆர்எஸ்எஸ் முகவரியை நேரடியாக ஒட்டலாம். பழைய செயலியிலிருந்து ஓபிஎம்எல் கோப்பு எடுத்திருந்தால் அதே பக்கத்தில் உள்ளே எடுத்துவிடலாம்.

அடுத்தது டேட்டா. ரீலோட் போட்டுக் கேட்பவர்களுக்கு இதுவே பெரிய விசயம். பேச்சு மட்டும் உள்ள ஒலிப்பதிவு விநாடிக்கு 64 கிலோபிட் அளவில் இருந்தால் ஒரு மணிநேரத்துக்கு 28.8 எம்பி போகும். 128 கிலோபிட் என்றால் 57.6 எம்பி. அதாவது 1 ஜிபிக்கு முன்னையதில் ஏறத்தாழ 35 மணிநேரமும் பின்னையதில் 17 மணிநேரமும் கேட்கலாம். அதே பேச்சை யூடியூபில் காணொளியாக ஓடவிட்டால் இதைப் போலப் பல மடங்கு போகும். கட்டணச் சந்தா இல்லாவிட்டால் திரையையும் எரியவிட வேண்டும். இணையத்திலிருந்து ஓடவிட்டபடியே கேட்பதை (ஸ்ட்ரீமிங்) விடத் தரவிறக்கிக் கேட்பதே எங்கள் பக்கத்துக்குப் பொருந்தும். மாங்குளம் தாண்டிக் காட்டுப்பக்கம் சிக்னல் விட்டு விட்டு வந்தாலும் பேச்சு அறுந்து நிற்காது.

இதற்கு 'செட்டிங்ஸ்' உள்ளே 'டவுன்லோட்ஸ்' என்பதற்குப் போங்கள். 'மொபைல் அப்டேட்ஸ்' என்பதில் தானாகத் தரவிறக்குவதும் ஸ்ட்ரீமிங்கும் தெரிவாகி இருந்தால் எடுத்துவிடுங்கள். புதுப்பிக்கும் இடைவெளியை 12 மணிநேரமாக வையுங்கள். தானியங்கித் தரவிறக்கத்தை எல்லா நிகழ்ச்சிக்கும் போடாமல் தவறாது கேட்கும் இரண்டு மூன்றுக்கு மட்டும் போட்டு, மொத்த எல்லையை 10 ஒலிப்பதிவுகளாக வையுங்கள். கேட்டு முடிந்ததும் அழிக்கும் தெரிவையும் போட்டுவிட்டால் 32 ஜிபி கைபேசியிலும் இடம் முட்டாது.

இங்கே பலர் அகப்படும் பொறியொன்று உண்டு. சிம் போட்ட 4ஜி ரவுட்டரை வீட்டில் வைத்திருப்பவர்கள், வைஃபைதானே என்று நம்பி எல்லாவற்றையும் தானாக இறங்க விடுகிறார்கள். கைபேசிக்கு அது அளவில்லாத இணைப்பாகவே தெரியும், ஆனால் மாத டேட்டா கரைந்துகொண்டிருக்கும். கைபேசியின் வைஃபை அமைப்பில் அந்த இணைப்பின் பெயரைத் திறந்து 'மீட்டர்ட்' (அளவுள்ள இணைப்பு) என்று குறித்தால் அன்டெனாபொட் அதை மொபைல் டேட்டாவைப் போலவே நடத்தும். பகல் டேட்டா, இரவு டேட்டா என்று பிரித்துத் தரும் பொதி என்றால், அப்படிக் குறித்துவிட்டு இரவில் கையால் தரவிறக்குங்கள்.

திரையை அணைத்த சில நிமிடங்களில் பேச்சு நின்றால், அல்லது காலையில் எதுவும் இறங்காமல் இருந்தால், செயலியைக் குறை சொல்ல வேண்டாம். பற்றரியைச் சேமிக்கிறோம் என்று பல கைபேசிகள் பின்னணியில் ஓடும் செயலிகளைக் கொன்றுவிடுகின்றன. கைபேசியின் அமைப்பில் அன்டெனாபொட்டைத் திறந்து, 'பற்றரி' என்பதில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றுங்கள். சில கைபேசிகளில் 'ஓட்டோஸ்டார்ட்' அனுமதியும் தனியே கொடுக்க வேண்டும்.

மெமரி காட்டில் சேமிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒலிக்கோப்புகள் செயலிக்குரிய கோப்புறைக்குள்தான் இருக்கும். செயலியை அழித்தால், காட்டில் இருந்தாலும் அவையும் சேர்ந்து அழியும். அழிக்குமுன், கைபேசி மாற்றுமுன் 'இம்போர்ட்/எக்ஸ்போர்ட்' பக்கத்தில் தரவுத்தளத்தை ஏற்றுமதி செய்யுங்கள். எதை எந்த இடம் வரை கேட்டீர்கள் என்பதும் அதில் இருக்கும். ஓபிஎம்எல்லில் முகவரிகள் மட்டுமே. புதிய பதிப்பில் எடுத்த தரவுத்தளத்தைப் பழைய பதிப்பு ஏற்காது, ஆகவே முதலில் செயலியைப் புதுப்பித்துவிட்டு உள்ளே எடுங்கள். பட்டியலை இணையத்தில் வைத்துக் கைபேசிகளுக்கிடையே பகிரும் ஜிபொடர் தளத்தோடு ஒத்திசைக்கும் வசதியும் உண்டு. அந்தத் தளம் அடிக்கடி மெதுவாகிவிடுவதால் அதை நம்பியிருக்கச் சொல்லமாட்டோம்.

மாணவர்களுக்கு இந்தச் செயலியில் உள்ள மிகப் பயனுள்ள வசதி, கைபேசியிலுள்ள கோப்புறை ஒன்றையே ஒரு நிகழ்ச்சியாகச் சேர்ப்பது. உயர்தர வகுப்பு ஆசிரியர் அனுப்பிய ஒலிப்பதிவுகளைப் பாடத்துக்கொரு கோப்புறையில் போட்டு, 'அட் லோக்கல் ஃபோல்டர்' வழியாகச் சேர்த்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். வேகத்தையும் பாடத்துக்குத் தக்கபடி மாற்றலாம். இணையமே வேண்டாம். விவசாயப் போதனாசிரியர்கள் தரும் ஒலிக்குறிப்புகளுக்கும் இதே வழி சரிவரும். வட்ஸ்அப்பில் அவை நூறு குரற்செய்திகளுக்கிடையே புதைந்துபோகின்றன.

அன்டெனாபொட்டால் முடியாததும் உண்டு. யூடியூபில் மட்டும் வரும் நிகழ்ச்சியை அது ஓட்டாது. ஸ்பொடிஃபைக்கு மட்டும் என்று கொடுக்கப்பட்டவையும் கிடைக்கா. எங்கள் பக்கத்துத் தமிழ் நிகழ்ச்சிகள் பல யூடியூபோடு நின்றுவிடுவதுதான் உண்மையான தடை. அவற்றை நடத்தும் இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறோம். ஒலியை மட்டும் பிரித்து, மோனோவாக (ஒற்றைத் தடமாக), 64 கிலோபிட் எம்பி3 கோப்பாக ஏற்றி ஆர்எஸ்எஸ் முகவரி ஒன்றை உருவாக்குங்கள். ஸ்பொடிஃபையின் இலவச ஏற்றுதளத்தைப் பயன்படுத்துபவர்கள், அமைப்பில் ஆர்எஸ்எஸ் வழங்கல் இயக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இயக்காவிட்டால் நிகழ்ச்சி அந்தச் செயலிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். பிரதேச சபை நூலகங்களும் தமிழ் நிகழ்ச்சிகளின் ஓபிஎம்எல் கோப்பொன்றைத் தொகுத்து வைத்தால், வருபவர் தன் கைபேசிக்கு நொடியில் எடுத்துக்கொள்ளலாம்.

தங்கள் பத்திரிகை ஒலி நிகழ்ச்சிகளை அறிமுகப்படுத்தும்போது செயலியின் பெயரோடு நிறுத்தாமல் நிகழ்ச்சியின் ஆர்எஸ்எஸ் முகவரியையும், முடிந்தால் அதற்கான கியூஆர் குறியையும் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திறந்த மூல மென்பொருள் ஆர்வலர்கள் சிலர்,
கிளிநொச்சி.