எத்தனை வரைபடம் காட்டினார்கள்?

மேலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் வாட்ஸ்அப் குரல் பதிவு வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் புதுச் சுரங்கத் திட்டத்தில் உன்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று சொன்னாயே, ஒவ்வொரு மீட்டிங்கும் அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு மரியாதை சொல்லித்தான் தொடங்குகிறது, "இங்க இப்ப எல்லாம் மாறிடுச்சுப்பா" என்று. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் என்றால் நீ என்னைப் பேசவே விடமாட்டாய்.

உங்கள் பில்பாராவிலேயே நடந்த ஜூக்கன் பள்ளத்தாக்கு விவகாரம் உனக்குத் தெரியும். 2020 மே 24 அன்று இரும்புத்தாதுக்காக ரியோ டிண்டோ என்ற சுரங்கக் கம்பெனி வெடி வைத்து அழித்த பாறைக் குகைகளில் ஒன்றில், 46,000 ஆண்டுகளாக மனிதர்கள் வந்துபோன தடம் இருந்தது. தெரியாமல் நடந்துபோச்சு என்று இன்னும் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் தெரிந்துதான் நடந்தது. 2014-இல் அங்கே அகழாய்வு செய்து ஆயிரக்கணக்கான பொருள்களை எடுத்தார்கள். அதில் மனிதத் தலைமுடியால் பின்னிய ஒரு கயிற்றுத் துண்டு, நாலாயிரம் ஆண்டுப் பழசு. மரபணுச் சோதனையில் அந்த இடத்துக்கு உரிய பூர்வகுடிகளான இன்றைய புட்டு குந்தி குர்ராமா, பினிகுரா மக்களின் முன்னோர் முடி என்று தெரிந்தது. இதைவிட என்ன பட்டா வேண்டும் ஒரு சனத்துக்கு?

அந்தக் கம்பெனியிடம் பூர்வகுடிகளோடு நல்லிணக்கத் திட்டம் என்று ஓர் ஆவணமும் இருந்தது. வெடித்த மூன்றாம் நாள் அந்த நாட்டின் நல்லிணக்க வாரம் தொடங்கியது. மரியாதை வாசகத்துக்கு அன்றைக்கும் குறைச்சல் இல்லை பாப்பா.

குறைச்சல் வேறு இடத்தில். நான் முப்பது வருஷத்துக்கு மேல் தாலுகா ஆபீஸில் கோப்பு பார்த்தவன், எனக்கு ஒரு சட்டத்தைப் பார்த்தால் முதலில் கண் போகிற இடம் ஆட்சேபணைப் பிரிவுதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் 1972-ஆம் வருஷச் சட்டத்தில், பூர்வகுடிகளின் பாரம்பரிய இடத்தைச் சேதப்படுத்த அனுமதி கேட்டு மனுப் போடலாம். மறுத்தால் கம்பெனி மேல்முறையீடு செய்யலாம். அனுமதி கொடுத்துவிட்டால் அந்த இடத்துக்கு உரியவர்கள் மேல்முறையீடு செய்ய அப்போது வழியே இல்லை. குகைக்கு அனுமதி கிடைத்தது 2013-இல். அந்தத் தலைமுடி கிடைத்தது அடுத்த வருஷம். புதிதாக ஒன்று தெரியவந்தால் அனுமதியைத் திரும்ப எடுத்துப் பார்க்கவும் அன்றைய சட்டத்தில் இடமில்லை. கடைசியில் அந்த மக்கள் விஷயம் தெரிந்து நிறுத்தச் சொன்னபோது, வெடிமருந்தை ஏற்றியாகிவிட்டது, பத்திரமாக இறக்க முடியாது என்று பதில்.

நாடாளுமன்ற விசாரணையில் வந்த ஒரு சங்கதிதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சுரங்கக் குழிக்கு நாலு திட்டம் போட்டிருக்கிறார்கள். மூன்று, குகையைத் தொடாதவை. நாலாவதில் கூடுதலாகச் சுமார் 80 லட்சம் டன் தாது கிடைக்கும் என்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற மூன்று இருப்பதையே அந்த மக்களுக்குச் சொல்லவில்லை. தலைமை நிர்வாகி பதவி போனது, சரி. குகை?

அப்புறம் இப்படிப்பட்ட இடங்களைக் காக்க மாநிலத்தில் புதுச் சட்டம் வந்தது, 2023 ஜூலை 1 முதல் அமல். விவசாயிகளும் நில உரிமையாளர்களும் கொதித்துப்போனார்கள், வேலி போடவும் அனுமதி கேட்கணுமா என்று. நடைமுறையில் குழப்பம் இருந்தது உண்மைதான், அவர்கள் கோபத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஐந்தே வாரத்தில் சட்டத்தை வாபஸ் வாங்குவதாக அரசு அறிவித்துவிட்டது. பழைய சட்டத்தையே திருத்தி வைத்துக்கொண்டார்கள். பூர்வகுடிகளும் மறுஆய்வு கேட்கலாம் என்று சேர்த்தது நல்ல திருத்தம். கூடவே, மாநிலத்துக்கு முக்கியமான விஷயம் என்றால் முதல்வரே எடுத்து முடிவு செய்யலாம் என்றும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இரும்புத்தாது அந்த மாநிலத்துக்கு முக்கியமில்லாமல் போகுமா, நீயே சொல்.

அதே வருஷம் அக்டோபரில், நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல பூர்வகுடிகளுக்கு ஓர் அமைப்பு வேண்டுமா என்று பொது வாக்கெடுப்பு வைத்தார்கள். வெறும் ஆலோசனைதான். நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள், ஆறு மாநிலமும் தோற்றது. 2025 ஜூலையில் அதே மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிற முருஜுகா பாறைச் செதுக்கல்களுக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டம் கொடுத்தது. பக்கத்திலேயே இருக்கிற எரிவாயு ஆலையை 2070 வரை ஓட்ட அதே வருஷம் செப்டம்பரில் அரசு இறுதி அனுமதி கொடுத்தது. பட்டம் ஒரு கையால், அனுமதி மறு கையால்.

நம் அரிட்டாபட்டியை நினைத்துக்கொள். தமிழி கல்வெட்டு, சமணர் படுகை, பாண்டியர் குடைவரை எல்லாம் இருந்தும், 2022-இலேயே பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவித்திருந்தும், 2024-இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் நடக்கத்தான் செய்தது. ஏலம் ரத்தானதற்குக் காரணம் அந்தப் பட்டம் இல்லை. மேலூர்ப் பக்கத்துச் சனம் மொத்தமும் மதுரைக்கு நடந்து போனது. நம்மிடம் ஓட்டு இருக்கிறது, எண்ணி அடங்காத கூட்டம் இருக்கிறது. அந்த நாட்டில் பூர்வகுடிகள் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. கூட்டத்தைக் காட்டிச் சாதிக்க அவர்களால் முடியாது, சட்டத்தில் இருந்தால்தான் உண்டு.

வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. கடனும் இருக்கிறது, நீ ஆசைப்பட்டுப் படித்த படிப்பும் கூட. ஆனால் குழியின் வரைபடம் போடுகிற மேசையில் உட்கார்ந்திருக்கிறாய். உங்கள் திட்டத்துக்கு எத்தனை மாற்று வரைபடம் போட்டார்கள், அதில் எத்தனை அந்த ஊர்ப் பெரியவர்கள் கைக்குப் போனது, அவர்கள் வேண்டாம் என்றால் வேலை நிற்குமா என்று கேட்டுப் பார். புதிதாகச் சேர்ந்தவள் கேட்டால் யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள்; ஆறு மாதம் போனால் அதே கேள்விக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். என்ன பதில் வந்தாலும் எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா