நிலைப்படி இல்லாத குளியலறை

ஐயா,

எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு, நடுமுற்றத்தைச் சுற்றிய வளவு, அதற்குப் பின்னுள்ள இரண்டாங்கட்டு என ஒவ்வொன்றையும் கடக்க ஒரு நிலைப்படி உண்டு. அவற்றையெல்லாம் தாண்டிக் கொல்லைப்புறத்தில் இருக்கும் குளியலறைக்குச் செல்வது, பக்கவாதத்தால் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட என் தாயாருக்கு இயலாத காரியமாயிற்று.

ஆகவே வளவை ஒட்டிய அறையொன்றைக் குளியலறையாக மாற்றினோம். கதவின் திறப்பு 3 அடி. நாற்காலி திரும்ப உள்ளே 5 அடி விட்டமுள்ள வெற்றிடம். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் திறக்க முடியாது என்பதால், கதவை வெளிப்புறம் திறக்குமாறு வைத்தோம்.

கொத்தனார் தண்ணீரைத் தடுக்க வாசலில் வரம்பு கட்டியே தீருவேன் என்றார். அது இல்லாமலே, தரையை வடிகாலை நோக்கி 50-க்கு 1 என்ற அளவில் சரித்தால் தண்ணீர் வெளியே வராது என்று அவரை இணங்க வைக்க இரண்டு நாளாயிற்று. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைத் தரையோடு நிறுத்தாமல் சுவரிலும் ஏற்றிப் பூசி, தண்ணீரைத் தேக்கிச் சோதித்த பின்னரே ஓடு பதித்தோம். எங்கள் பகுதியில் செய்யும் தரை ஓடான ஆத்தங்குடிக் கல் எங்கள் பெருமைதான். ஆனாலும் ஈரத்தில் வழுக்கும் என்பதால் அங்கே சொரசொரப்பான ஓடே இட்டோம்.

பழைய சுண்ணாம்புப் பூச்சில் கைப்பிடிக் கம்பியின் திருகாணி நிற்காது. உள்ளிருக்கும் செங்கல்வரை துளையிட்டே பொருத்த வேண்டும். வீட்டைப் புதுப்பிப்போர் இதைக் கொத்தனாரிடம் முதல் நாளே சொல்லிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரைக்குடி