டைரி மேல் ஒரு தூசி

ராயபுரம்
ஞாயிறு

அன்புள்ள மேரி,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. முதலில் பேத்திக்குக் காய்ச்சல், அப்புறம் எனக்கு. இப்போது இருவருமே தேவலை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் காசிமேட்டில் வஞ்சிரம் விலையைக் கேட்கவே பயமாக இருக்கிறது. நெத்திலிக் கருவாட்டோடு காலம் ஓடுகிறது.

சரி, ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலுக்கு வருகிறேன். ஆளை எந்நேரமும் வேவு பார்க்கும் ஆட்சியில் ஒளிந்து ஒளிந்து டைரி எழுதி வின்ஸ்டன் என்னத்தைக் கிழித்தான், கடைசியில் அந்த ஆட்சித் தலைவன் பெரியண்ணன் காலில்தானே விழுந்தான் என்று கேட்டிருந்தாய். நியாயமான கோபம்தான். ஆனால் நீ அந்தத் தூசியை விட்டுவிட்டாய்டி.

டைரியை யாராவது தொட்டால் தெரியட்டும் என்று அட்டை மூலையில் வெள்ளையாக ஒரு தூசியைப் பொறுக்கி வைக்கிறான் இல்லையா? பிடிபட்ட பிறகுதான் தெரிகிறது, போலீஸ் ஏழு வருடமாக அவனைக் கவனித்து வந்திருக்கிறது. டைரியைப் பார்த்துவிட்டு அந்தத் தூசியைக்கூட பழைய இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். முதல் தடவை படித்தபோது எனக்குக் குலை நடுங்கியது. இந்த முறை சிரிப்பு வந்தது. காலில் ஆறாத புண்ணோடு மாடிப்படி ஏறும் ஒரு சாதாரண குமாஸ்தா. அவன் கிறுக்கலைப் பார்க்க இத்தனை பாடா? யாருக்கு யார்மேல் பயம்? அந்த நாட்டில் சட்டமே கிடையாது, அதனால் டைரி எழுதுவது குற்றமும் இல்லை. ஆனால் மாட்டினால் மரணம், உயிர் தப்பினால் குறைந்தது 25 வருடம் முகாமில் கட்டாய வேலை!

வின்ஸ்டனின் காதலி ஜூலியாவை ஏன் ஒரே வரியில் தள்ளிவிட்டாய்? எனக்கு அவளைத்தான் பிடிக்கும். தடைசெய்யப்பட்ட புத்தகத்தை அவன் படித்துக் காட்டினால் தூங்கிவிடுவாள். ஆனால் கட்சி மேலிடத்துக்கு மட்டும் கிடைக்கும் நிஜக் காப்பித்தூளைச் சாக்குத் துணியில் சுற்றிக் கொண்டுவருவாள். தைரியம் அவளிடம்தான் அதிகம்.

எழுத்தால் ஆட்சியை ஏய்த்த கதை நெருக்கடி நிலையின்போது நம் ஊரிலேயே ஒன்று நடந்ததே. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள். விசாரணையே இல்லாமல் சிறையில் அடைக்கும் மிசா சட்டத்தில் யார் யார் உள்ளே போனார்கள் என்று பத்திரிகையில் போடத் தணிக்கை விடாது. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அவர் நினைவிடத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று தி.மு.க. நாளிதழான முரசொலியில் ஒரு பட்டியல் வந்தது. தணிக்கை அதிகாரிக்கு அது அஞ்சலிச் செய்தி, ஊருக்குக் கைதானவர்கள் பட்டியல். எங்கள் நைனா எந்தக் கட்சியும் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லும்போது டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரிப்பார். "பேரைத்தானே போட்டான், வேற என்னா பண்ணான்?"

அந்தப் பட்டியலைப் படித்துப் புரிந்துகொள்ள ஊரே இருந்தது. வின்ஸ்டன் டைரிக்குக் கிடைத்த வாசகர், உன்னையும் என்னையும் கணக்கில் சேர்க்காவிட்டால், போலீஸ் மட்டும்தான். அவன் தோற்றது அங்கேதான் என்பேன், எழுதியதில் இல்லை. பக்கத்து மேஜைக்காரனை நம்ப முடியாதபடி செய்ததுதான் அந்த ஆட்சியின் கெட்டிக்காரத்தனம்.

அடுத்து 'ஃபாரன்ஹீட் 451' அனுப்புகிறேன். 1953இல் வந்தது. புத்தகங்களைக் கொளுத்தும் நாட்டில், ஊருக்கு வெளியே சிலர் ஆளுக்கொரு புத்தகத்தை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். நீ எதை எடுப்பாய் என்று எழுது. பத்தாம் வகுப்பில் மனப்பாடச் செய்யுளுக்கே அழுதவள் நீ, சின்னதாகப் பார்த்து எடு.

உன்,
தேவி