பயிற்சிக்குப் போகும் நண்பனுக்கு

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். பேரன் பள்ளியில் சேர்ந்துவிட்டான் என்ற செய்தியால் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஓய்வு நெருங்கும் வேளையில் மறுபடியும் வட்டார வள மையத்தில் போய் உட்கார்ந்து ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துக்கான ஆசிரியர் பயிற்சி பெறத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். அவசியம் போய் வா என்பதே என் பதில்.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-இல் நம் பள்ளிகளுக்கும் வந்ததை நினைத்துப் பார். பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் சுவரெங்கும் கரும்பலகை வந்தது. கற்க வேண்டியவற்றை வரிசையாகக் காட்டும் ஏணிப்படி அட்டவணையில் தன் இடத்தைப் பார்த்து, அதற்குரிய படம் போட்ட அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு, தன் குழுவைத் தேடிப் பாயில் போய் அமர்ந்தது குழந்தை. காய்ச்சலில் கிடந்து ஒரு வாரம் கழித்து வந்த பிள்ளை, வகுப்பு தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டதே என்று மிரளாமல், தான் விட்ட அட்டையிலிருந்தே தொடங்கியது. நாற்காலியை விட்டுப் பாயில் அமர்வது நமக்கு எளிதாகவே இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் ஒரே பாடத்தை முடித்தாக வேண்டும் என்று ஊறிப்போன எண்ணத்தை விடுவதற்குத்தான் நெடுநாள் பிடித்தது.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின் 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை கொண்டுவரப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பதும், குழந்தை நிற்கும் இடத்துக்கு ஆசிரியர் போக வேண்டும் என்ற அதே எண்ணத்திலிருந்து வந்ததுதான். மதிப்பீட்டைக் கைபேசியில் பதிவேற்றுவதிலேயே பொழுது கரைகிறது என்ற உன் குறை நியாயமானது. அதைப் பயிற்சியிலேயே எழுந்து சொல். வருகிற மாற்றத்தையெல்லாம் வாய் திறவாமல் ஏற்பதைக் கற்றல் என்று நான் கருதவில்லை. பிள்ளைக்கு அருகில் நம்மைக் கொண்டுபோகிறதா, விலக்கிவைக்கிறதா என்று உரசிப் பார்ப்பதற்கும் முதலில் அதைக் கற்றிருக்க வேண்டுமல்லவா?

ஓய்வுக்குப் பிறகு நானும் சும்மா இருக்கவில்லை. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, மாலையில் ஊர்ப் பெண்கள் சிலருக்குக் கற்பிக்கிறேன். 1991-இல் பெரியவர்களுக்கு எழுத்தறிவூட்டும் அறிவொளி இயக்கம் நம் புதுக்கோட்டை மாவட்டமெங்கும் பரவியபோது கைக்குழந்தையோடு இருந்ததால் வகுப்புக்கு வர முடியாமல் போன ஓர் அம்மா, இப்போது அறுபது வயதில் வருகிறார். மகளிர் குழுவின் கணக்கையெல்லாம் மனத்திலேயே வைத்திருக்கும் அவர், அகரவரிசையில் தொடங்கிய என்னை நிறுத்தி, வங்கிப் புத்தகத்தை விரித்து, “சார், இதுல எது வரவு, எது பற்றுன்னு முதல்ல காட்டுங்க” என்றார். வரவு, பற்று, இருப்பு ஆகிய மூன்று சொற்களில் தொடங்கி அவற்றின் எழுத்துகளுக்கு வந்தோம். இத்தனை ஆண்டுகள் கற்பித்தபின்பும் பாடத்தின் வரிசையை எனக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

மனக்கணக்கில் நொடியில் கழித்துவிடும் அவருக்கு, தாளில் கடன் வாங்கிக் கழிப்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பயிற்சியில் அதற்கு ஏதாவது புது வழி காட்டினால் விரிவாக எழுது. மொட்டு நிலைக் கணக்குப் பயிற்சி நூல் ஒரு பிரதி கிடைத்தால் அதையும் சேர்த்து அனுப்பிவை.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்