தண்ணீர் நடந்த பாலம்

லியோன், பிரான்ஸ்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தபோது நாங்கள் வீட்டில் இல்லை. மூட்டு வலி குறைந்து மாடி ஏறுகிறாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. மாத்திரையை மட்டும் பாதியில் நிறுத்திவிடாதே.

மாப்பிள்ளை ஒரு வாரம் லீவு போட்டு மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அடுப்பு, படுக்கை, குளியலறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. ரோன் ஆற்றை ஒட்டித் தெற்கே இறங்கி, வாலான்ஸ், ஒராஞ்ச் தாண்டிப் போனோம். அந்த வண்டியில் நான் கற்றுக்கொண்டது தண்ணீர்க் கணக்குதான். தொட்டியில் 100 லிட்டர், நாங்கள் நாலு பேர். இரண்டாம் நாள் காலையில் அரிசி களையும்போதே குழாய் நின்றுவிட்டது. அப்புறம் கழுநீரைக்கூடக் கீழே கொட்ட மனசு வரவில்லை, பாத்திரத்தை அதில்தான் ஊறப்போட்டேன்.

அதே நினைப்போடு மறுநாள் போன் து கார் பாலத்தின் முன்னால் போய் நின்றேன். உன்னைக் கூட்டிவந்திருக்க வேண்டும், வசந்தி.

ரோமானியர்கள் முதல் நூற்றாண்டில் கட்டியது. கார்தோன் ஆற்றுக்கு மேலே மூன்று அடுக்கு வளைவுகள், 49 மீட்டர் உயரம். ஆனால் ஆள் போவதற்காகக் கட்டிய பாலம் இல்லை. உச்சியில் ஓடிய வாய்க்காலைத் தாங்குவதற்குத்தான் இத்தனை கல்லும். உசெஸ் ஊர் ஊற்றிலிருந்து நீம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். நேராகப் போனால் 20 கிலோமீட்டர்தான். குன்றுகளைச் சுற்றிச் சுற்றி 50 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். அவ்வளவு தூரத்துக்கும் மொத்தச் சரிவு 12.6 மீட்டர். பாலத்தின் மேல் மட்டும் இரண்டரை சென்டிமீட்டர்! கீழ் அடுக்குக் கற்களுக்கு நடுவே சாந்தே கிடையாது, ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடை. சாரம் கட்டுவதற்காக விட்ட கல் முனைகள் இன்னும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

மேலே வாய்க்காலுக்குள் கூட்டிப்போய்க் காட்டினார்கள். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அது அங்கே இரண்டு பக்கச் சுவரிலும் கிட்டத்தட்ட ஒரு முழத்துக்குக் கல்லாக இறுகியிருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், சொரசொரவென்று இருந்தது. பராமரிப்பு நின்றுபோனதும் படிவு ஏறி ஏறி வழி குறுகியதாம். ஆறாம் நூற்றாண்டு வாக்கில் வாய்க்கால் கைவிடப்பட்டுவிட்டது. கட்டியவர்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எனக்கோ அதற்குமுன் தலைமுறை தலைமுறையாக உள்ளே இறங்கிச் சுரண்டிச் சுத்தம் செய்தவர்கள்தான் மனசில் நின்றார்கள். கூடவே நீயும். முப்பது வருஷம் வெயிலில் நின்று தூர் வாரும் வேலையைப் பார்த்தவள் நீ. கரையில் உட்கார்ந்து ஆள் கணக்கு எழுதுவாயே, அந்த நீல அட்டை நோட்டுகூட ஞாபகம் வந்தது.

தண்ணீர் நின்ற பிறகு ஆற்றைக் கடக்கச் சுங்கம் வாங்கும் பாலமாகத்தான் அது பிழைத்திருக்கிறது. வண்டி போக இடம் வேண்டுமென்று நடு அடுக்குத் தூண்களைப் பக்கவாட்டில் செதுக்கியே எடுத்திருக்கிறார்கள். அப்படியும் விழவில்லை. 1740களில் பக்கத்திலேயே ஒட்டினாற்போல் சாலைப் பாலம் கட்டிய பிறகுதான் அந்தத் தூண்களுக்கு ஓய்வு.

மறுநாள் நீம் நகரத்தில் தண்ணீர் வந்து சேர்ந்த இடத்தையும் பார்த்தோம். தெருவோரமாக வட்டத் தொட்டி ஒன்று, ஐந்தரை மீட்டர் அகலம். சுவரில் பத்துத் துளைகள். அவற்றில் ஈயக் குழாய் பொருத்தி ஊருக்குள் பிரித்து விட்டிருக்கிறார்கள். கூட்டமே இல்லை. இவரும் நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம்.

இப்போதைய லெவல் கருவிகள் இல்லாத காலத்தில் அந்த இரண்டரை சென்டிமீட்டரை எப்படிக் குறித்திருப்பார்கள்? மாப்பிள்ளை சொன்னது எனக்குச் சரியாகப் புரியவில்லை. நீ படம் போட்டு எழுது. வாய்க்காலின் உள்பக்கத்தை எடுத்த போட்டோ நாலு இதோடு வைத்திருக்கிறேன்.

உன்,
கலா