டேப்லெட்டைப் பிடுங்காதீர்கள்: ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆசிரியர்களுக்கும் பள்ளி முதல்வர்களுக்கும் வணக்கம்.

ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். ஆட்டிசம் உள்ள பிள்ளை படங்களைத் தொட்டுப் பேசுவதற்காக வைத்திருக்கும் டேப்லெட்டைத் தண்டனையாகப் பிடுங்கி வைக்காதீர்கள். என் மகனுக்கு இது நடந்தது. "சும்மா தட்டி விளையாடுகிறான், ஒழுங்காக உட்கார்ந்தால் தருகிறோம்" என்றார்கள். அவன் விளையாடவில்லை. 'சத்தம்' என்ற படத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தான், ஏனென்றால் தலைக்கு மேல் மின்விசிறி கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. நமக்கு ரெண்டு நிமிஷத்தில் பழகிவிடும் சத்தம் இவர்களில் பலருக்குப் பழகுவதே இல்லை. மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும், 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டிலேயே இந்தப் புலன் வேறுபாடு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக இருக்கிறது. சொன்னதை யாரும் கேட்கவில்லை, சொல்லும் கருவியும் போய்விட்டது, அப்புறம் கத்தாமல் என்ன செய்வான்? 'அடம் பிடிக்கிறான்' என்று டைரியில் எழுதி அனுப்பினார்கள்.

"இதையே பழக்கினால் வாய்ப்பேச்சு வராமல் போய்விடுமே?" என்று உறவினர்கள் கேட்டால் பரவாயில்லை, சிறப்பாசிரியர்களே கேட்கிறார்கள். முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2006இல் வெளியான ஒரு மறு ஆய்வு, வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களில் நம்பகமான ஆதாரம் இருந்த 27 பேரை எடுத்துப் பார்த்தது. வாய்ப்பேச்சுக்குத் துணையாகவோ மாற்றாகவோ வரும் இப்படிப்பட்ட வழிகளால் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. அதே ஆண்டு ஐநா ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும் இந்த வழிகளைத் தகவல் தொடர்பு என்றே கணக்கில் சேர்க்கிறது. வாயால் பேசும் பிள்ளைக்குத் தண்டனையாக வாயைக் கட்டிவைப்பீர்களா?

கருவியை மேசையில் வைத்துவிட்டால் மட்டும் போதாது என்பதும் உண்மை. நீங்களும் அதைத் தொட்டுப் பேச வேண்டும். "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்கும்போதே தண்ணீர்ப் படத்தைத் தொடுங்கள், பிறகு அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். அவ்வளவு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தச் சில வினாடி எவ்வளவு நீளம் என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். திரையில் சாப்பாடும் பொம்மையும் மட்டும் இருந்தால் பிள்ளை பொருளைக் கேட்டு வாங்க மட்டும்தான் கற்கும்; 'வேண்டாம்', 'நிறுத்து', 'வலிக்கிறது', 'அவன் அடித்தான்' எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். 'வேண்டாம்' என்று அழுத்தினால் கோபப்படாதீர்கள், எங்களுக்கு அது பெரிய விஷயம்.

விளையாட்டு மைதானம், கழிப்பறை, பள்ளி வண்டி, தேர்வு அறை என்று அவன் போகும் இடமெல்லாம் அதுவும் போகட்டும். சார்ஜ் தீர்ந்தால் எடுக்கப் படக்கார்டுகளைப் பையில் வைத்திருக்கிறோம். கீழே விழுந்து உடைந்தால் செலவு எங்களுடையது, வேண்டுமானால் எழுதியே தருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு அம்மா